பெரிய பவளத் தொட்டிக்கு மாறிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துத் திருத்துவது

உயிர்ப் பவளமும் கடல் மீனும் வளர்க்கும் இரண்டடித் தொட்டியில் நான்கு வருடம் ஒரு குறையுமில்லாமல் இருந்த மீன், நாலடித் தொட்டிக்கு மாற்றிய ஐந்தாம் நாள் மூலையில் ஒதுங்கிப் படுத்துவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றில் எனக்கு நடந்தது இது. அதன் பிறகு கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று தெரிந்தவர்கள் வீடுகளுக்கு டோர்ச்சும் டெஸ்ட் கிட்டுமாக ஓடியதில் விளங்கியது ஒன்றுதான்: தொட்டி மாற்றிய முதல் ஆறு வாரத்தில் எல்லோருக்கும் அதே ஏழெட்டுக் கோளாறுதான் வருகிறது. பெரும்பாலானவை செலவில்லாமலே தீர்ந்துவிடும், கை பரபரக்காமல் இருந்தால்.

கீழே வரும் கணக்கெல்லாம் 4×2×2 அடித் தொட்டிக்கு. மேலே ஏறக்குறைய 450 லீற்றர், கீழே சம்ப்பில் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் கீழ்த்தொட்டி) 100 லீற்றர் வரும். கையில் தெர்மாமீற்றர், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீற்றர், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீற்றர், அமோனியா, ஆல்கலினிட்டி (காரத்தன்மை), நைட்ரேட், பொஸ்பேட் கிட், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று. இவை போதும். கடைக்காரர் தந்த மருந்துப் போத்தல்களை இப்போதைக்கு அலுமாரியில் வையுங்கள். அளந்து பார்க்காத எதற்கும் மருந்து ஊற்றக் கூடாது.

## மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது

இரவில் வரும் தொலைபேசி அழைப்பு அநேகமாக இதுதான். "அண்ணை, எல்லா மீனும் மேல வந்து நிக்குது, என்ன ஊத்த?" ஒன்றும் ஊற்ற வேண்டாம். முதலில் வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) திருப்பி, தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள். காற்றுப் பம்ப் இருந்தால் அதையும் போடுங்கள். அப்புறம் காரணத்தைத் தேடலாம்.

### விடியற்காலையில் மட்டும், பகலில் சரியாகிவிடுகிறது

ஒட்சிசன் குறைவு. விளக்கு அணைந்த பிறகு பவளமும் பாசியும்கூட ஒட்சிசனை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் அளவு மிகவும் குறைந்திருக்கும். தெர்மாமீற்றரைப் பாருங்கள். 29 பாகைக்கு மேலே என்றால் சூடுதான் காரணம், "சூடு இறங்கவே இல்லை" என்ற பகுதிக்குப் போங்கள். சூடு சரியாக இருந்தால் மேற்பரப்பைப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் மாதிரி மினுங்கினால், தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் வாய் சரியாக வேலை செய்யவில்லை. சம்ப்பில் தண்ணீர் குறைந்து, அதை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் காற்றை இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

### இரவு பகல் எந்நேரமும்

அமோனியா பாருங்கள். 0.25 பிபிஎம்முக்கு மேல் காட்டினால் மீதிக் கதையை விட்டுவிட்டு, உப்பும் சூடும் ஒத்துப்போகும் புதுத் தண்ணீரால் 25 முதல் 30 வீதம் மாற்றுங்கள். அடுத்த நாளும் அளந்து, தேவைப்பட்டால் மீண்டும் மாற்றுங்கள். இரண்டு நாளுக்குத் தீன் போட வேண்டாம். மீன் பட்டினி தாங்கும், அமோனியா தாங்காது.

பிறகு அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். நான் பார்த்தவரை மூன்று இடங்கள்.

பழைய மணலை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. என்னுடைய பிழை இதுதான். "நல்ல பக்டீரியா எல்லாம் இதில்தானே இருக்கு" என்று நாலு வருட மணலை வாளியில் போட்டு, புதுத் தொட்டியில் கவிழ்த்தேன். அள்ளும்போதே கறுப்பும் சாம்பலுமாக ஒரு அடுக்கு வந்தது, அழுகின முட்டை மணமும் வந்தது. அந்த மணம்தான் எச்சரிக்கை, நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தேன். உங்களுக்குத் தேவையான பக்டீரியாவில் பெரும்பங்கு கல்லில் இருக்கிறது. மணலைப் புதிதாகப் போடுங்கள், அல்லது பழையதைக் குழாய்த் தண்ணீரில் கலங்கல் போகும்வரை கழுவி, கடைசியாக ஆர்ஓ தண்ணீரில் (ஆர்ஓ வடிகட்டியில் சுத்திகரித்தது) அலசிப் போடுங்கள். ஏற்கெனவே கொட்டிவிட்டீர்களா? கிளறாமல், தண்ணீர் மாற்றும்போது மெல்லிய குழாயால் ஒரு மூலையை மட்டும் உறிஞ்சி எடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு மூலை.

கல் காய்ந்தது. தொட்டி மாற்றுகிற நாளில் பிளம்பர் பிந்துவார், கல் திறந்த வாளியில் மணிக்கணக்காக வெயிலில் கிடக்கும். அதிலிருந்த பஞ்சுயிரும் புழுவும் செத்து, தொட்டிக்குள் போய் அழுகும். அடுத்த முறை கல்லைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, வாளியில் காற்றுப் பம்ப் ஓட விடுங்கள். பெரிய தொட்டிக்குக் கல் போதாமல் போவது உண்மைதான். அதற்காக ஹிக்கடுவையில் ஆளைப் பிடித்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம். நம் கடலில் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். உலர்ந்த கல்லை வாங்கி, தனி வாளியில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அமோனியா பூச்சியத்துக்கு வந்த பிறகு சேர்ப்பதுதான் வழி.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாமல் செத்த உயிர். மீன்களை எண்ணுங்கள். நத்தைகளைக் கவிழ்த்து மணந்து பாருங்கள், செத்த நத்தையின் மணம் ஒருமுறை பட்டால் மறக்காது.

### மூச்சு வாங்குவதோடு உடம்பில் வெள்ளைப் புள்ளி

இடம் மாறிய அலுப்பில் வெண்புள்ளி நோய் கிளம்பும். உப்புப் பரல் ஒட்டியது போலத் தனித்தனிப் புள்ளியாக இருந்தால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. மா தூவியது போல மெல்லிய தூளாக இருந்து மீன் வெளிச்சத்தை விட்டு ஒதுங்கினால் நாட்கணக்கில் எல்லாம் முடிந்துவிடும். எதுவானாலும் பவளம் இருக்கும் தொட்டியில் செம்பு மருந்து ஊற்றக் கூடாது, பவளமும் இறாலும் நத்தையும் சாகும். மீனைத் தனித் தொட்டிக்கு எடுத்து, அனுபவமுள்ள ஒருவரிடம் படம் காட்டி மருந்து தொடங்குங்கள். இதில் தனியே முயன்று பார்க்காதீர்கள்.

### கரண்ட் போனபோது

2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததைக் கொழும்பில் யாரும் மறந்திருக்க முடியாது. பெரிய தொட்டியில் தண்ணீர் கூட என்பதால் தாக்குப்பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம், மீனும் பவளமும் கூடத்தானே இருக்கின்றன. பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்று, அல்லது இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் மட்டும். விளக்கும், தண்ணீரைக் குளிராக்கும் சில்லரும் காத்திருக்கலாம்.

## தரையில் ஈரம்

முதல் கேள்வி: எப்போது?

### கரண்ட் போய் வந்த பிறகு

ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அந்த மட்டம் வரை பம்ப் நின்றதும் தண்ணீர் பின்னால் இறங்கும். நாலடிக்கு இரண்டடித் தொட்டியில் ஒரு அங்குலம் என்பது 19 லீற்றர். வாயை நாலு அங்குலம் அமிழ்த்தி வைத்தால் ஏறக்குறைய 75 லீற்றர் கீழே வரும். சம்ப்பில் அவ்வளவு இடம் இருக்காது.

சோதனை: துவாயைப் போட்டு, பக்கத்தில் ஒரு வாளி வைத்து, ரிட்டர்ன் பம்ப்பின் பிளக்கைக் கழற்றுங்கள். சம்ப்பில் தண்ணீர் ஏறி நிற்கும் இடத்தைப் பாருங்கள். விளிம்பைத் தொட்டால் சம்ப்பில் தண்ணீரைக் குறைத்து, மறுபடி சோதித்து, பம்ப் ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். இனி அந்தக் கோட்டுக்கு மேல் ஒருபோதும் நிரப்பக் கூடாது. ரிட்டர்ன் வாயை மேற்பரப்புக்கு அருகே உயர்த்துங்கள், அல்லது மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சிறு துளை போடுங்கள். துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை பல்குத்தியால் குத்திவிட வேண்டும். பின்னோட்டம் தடுக்கும் வால்வு போட்டிருக்கிறேன், பயமில்லை என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஒரு சின்ன நத்தை உள்ளே போய் நிற்கும் நாளில் அவர்களாகவே அழைப்பார்கள்.

### கரண்ட் இருக்கும்போதே மேல் தொட்டி வழிகிறது

கீழே இறங்கும் பைப் அடைபட்டிருக்கிறது. பம்ப்பை நிறுத்திவிட்டு வழிவாயில் சீப்புப் பல் போல இருக்கும் தடுப்பைப் பாருங்கள். நத்தை, பாசித்துண்டு, சிலவேளை மீன்.

### எந்நேரமும் மெல்லிய ஈரம்

துடைத்து, காய்ந்த டிஷ்யூவை ஒவ்வொரு பொருத்தின் கீழும் வையுங்கள். ஒரு மணிநேரத்தில் எது நனைகிறதோ அங்கேதான். பைப் பொருத்து என்றால் கையால் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், சாவி வேண்டாம், கண்ணாடி வெடிக்கும். வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தைத் துடைத்து, ஒரு நாள் கழித்து மறுபடி பூக்கிறதா என்று பாருங்கள். சிலவேளை அது ஸ்கிம்மரின் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) தெறிப்பு மட்டுமே.

கண்ணாடிகள் சேரும் சிலிக்கன் ஓரத்திலிருந்து ஒரு துளி வந்தாலும் அது உங்கள் வேலையில்லை. தண்ணீரை அந்த மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, தொட்டி கட்டியவரை அழையுங்கள். வெளியிலிருந்து பூசும் சிலிக்கன் அந்த அழுத்தத்துக்கு நிற்காது.

## ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

தண்ணீருக்குள் கை வைக்கும் முன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்ச்சைத் தூக்குங்கள். ஒவ்வொரு சாமானாகப் பொருத்தி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். விழவைப்பது எதுவோ அதுதான் ஆள். வழக்கமாகப் பழைய பம்ப் ஒன்றின் உறை வெடித்திருக்கும், அல்லது பிளக்கின் பின்களில் உப்புப் படிந்திருக்கும். வயர் தொட்டியிலிருந்து நேரே பிளக்குக்குப் போகாமல், பிளக்கை விடத் தாழ்வாக ஒரு தொங்கல் விட்டுப் போக வேண்டும். அப்போது வழியும் துளி வயரின் அடியில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. மல்டி பிளக்கைச் சம்ப்புக்கு மேலே பலகையில் அடித்திருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்.

தனித்தனியே எதுவும் விழுத்தவில்லை, எல்லாம் சேர்ந்தால் விழுகிறது என்றால், சின்னச் சின்னக் கசிவுகள் சேர்ந்து சுவிட்ச்சின் எல்லையை எட்டுகின்றன. வீடுகளில் அந்த எல்லை வழக்கமாக 30 மில்லி அம்பியர். அதற்கு மின்சார வேலை தெரிந்த ஒருவர் வந்து அளந்து பார்க்க வேண்டும்.

தண்ணீரில் விரல் வைக்கும்போது "சுள்" என்றால் சோதனை எதுவும் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்கிற பாஸ் வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

## பவளம் வெளுக்கிறது அல்லது விரிய மறுக்கிறது

எங்கிருந்து வெளுக்கிறது என்பதைப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

### உச்சியிலிருந்து, வெளிச்சம் படும் பக்கம் மட்டும்

விளக்கு. பெரிய தொட்டிக்கென்று பெரிய விளக்கும் வாங்கியிருப்பீர்கள், அது ஆழமில்லாத இடத்தில் இருக்கும் பவளத்தைச் சுடுகிறது. என் மனைவி பவளத்தைப் பார்த்து, "இது வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அது விளங்க ஒரு வாரம் எடுத்தது. 40 வீதத்துக்கு இறக்குங்கள், பவளத்தைக் கீழே மணல் மட்டத்துக்கு எடுங்கள். பிறகு வாரத்துக்கு 5 வீதமாகக் கூட்டலாம். சதை இன்னும் ஒட்டியிருந்தால் நிறம் வாரக்கணக்கில் திரும்பும்.

### அடியிலிருந்து, சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது

ஆல்கலினிட்டி ஆடியிருக்கிறது. பழைய தொட்டி 8 டிகேஎச்சில் (ஆல்கலினிட்டியின் அலகு) இருந்திருக்கும், புதிய உப்பு வேறு பிராண்ட், அது 11க்குக் கலக்கும். ஒரே நாளில் மூன்று அலகு ஏறினால் கிளைப் பவளங்கள் தாங்காது. புதிதாகக் கலந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும் முன்பே அளந்து எழுதி வையுங்கள். இப்போது அளந்து 7க்கும் 11க்கும் இடையில் இருந்தால், இருக்கிற இடத்திலேயே நிலையாக நிற்க விடுங்கள், "சரியான" இலக்கத்தைத் துரத்த வேண்டாம். வெளியே போனால் ஒரு நாளைக்கு ஒரு அலகுக்கு மேல் திருப்ப வேண்டாம். உரிவு மணிக்கணக்கில் ஏறினால், உயிரோடுள்ள நுனியை வெட்டியெடுத்து வேறு கல்லில் ஒட்டுவதுதான் மிச்சம்.

### நிறம் சரி, ஆனால் சுருங்கியே இருக்கிறது

உப்பு. ரிஃப்ராக்டோமீற்றரைத் தண்ணீரில் பூச்சியத்துக்கு வைத்தால் போதாது. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபாருங்கள், இரண்டு மூன்று அலகு தள்ளிக் காட்டும் கருவிகள் ஏராளம். நம் ஊரில் ஃபேன் போட்டால் ஆவியாவது அதிகம். என் தொட்டியில் நாளைக்கு 4 லீற்றர் வரை போகும். ஒரு வாரம் ஊற்றாமல் விட்டால் 35 இல் நின்ற உப்பு 37க்கு வந்துவிடும். ஆவியான தண்ணீருக்கு ஈடாக ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. சிரிக்காதீர்கள், படித்தவர்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

## தண்ணீர் பால் போல இருக்கிறது

ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி மேசையில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் காற்றுக் குமிழி: சம்ப்பில் மட்டம் குறைவு, அல்லது பைப்பில் காற்று நுழைகிறது. ஒரு மணிநேரத்தில் அடியில் தூள் படிந்தால் மணல் தூசி, அல்லது கல்சியமும் ஆல்கலினிட்டி மருந்தும் ஒன்றாக ஊற்றி உறைந்தது. இரண்டிலும் வடிகட்டும் பஞ்சைத் தினமும் மாற்றினால் போதும், மருந்தை மட்டும் நிறுத்துங்கள். மாலை வரை அப்படியே மங்கலாக நின்றால் பக்டீரியாப் பெருக்கம். அது தானாகப் போகும், ஆனால் ஒட்சிசனைத் தின்றுகொண்டே போகும், காற்றுப் பம்ப்பை நிறுத்த வேண்டாம்.

## மணலிலும் கல்லிலும் கபில நிறப் படலம்

விரலால் தட்டினால் தூளாகப் பறந்தால் டயட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டியில் இரண்டு முதல் ஆறு வாரம் இருந்துவிட்டுப் போகும். சிவப்புத் துணி போலப் பாளமாக உரிந்தால் சயனோ (சயனோபக்டீரியா). நீர் ஓட்டம் படாத மூலையில் வரும், வேவ்மேக்கரைத் திருப்பி, உறிஞ்சி எடுங்கள். சளி போல இழைந்து, நுனியில் காற்றுக் குமிழி தூக்கிக்கொண்டு நின்றால் டைனோவாக (டைனோஃபிளாஜலேற் என்ற நுண்ணுயிர்) இருக்கலாம். கொஞ்சம் எடுத்துப் போத்தலில் நன்றாகக் குலுக்கி, காகிதத்தில் வடித்து, வெளிச்சத்தில் ஒரு மணிநேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி சளியாகத் திரண்டால் அதுவேதான். அப்போது பெரும்பாலும் நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் பூச்சியமாக இருக்கும், பாசி என்று எண்ணி இன்னும் சுத்தம் செய்தால் இன்னும் பெருகும். ஸ்கிம்மரைக் குறைத்து, தீனைக் கூட்டி இரண்டையும் ஏறவிடுங்கள்.

டயட்டம் இரண்டு மாதமாகியும் போகாவிட்டால் ஆர்ஓ தண்ணீரை டிடிஎஸ் மீற்றரால் பாருங்கள். கடைசி ரெசின் குழாய்க்குப் பிறகு பூச்சியம் காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரையும் அளந்து ஒப்பிடுங்கள். வறட்சியில் களனி ஆற்றில் அம்பத்தலே பக்கம் உவர்நீர் ஏறும்போது நம் குழாயிலும் அந்த இலக்கம் ஏறும், மெம்பிரேனும் ரெசினும் சீக்கிரம் தேயும். ஃபிளாட்டில் மேல் தாங்கியின் அழுத்தம் போதாமல் ஆர்ஓ சொட்டுச் சொட்டாக வந்தால் பூஸ்டர் பம்ப் தேவை. கடற்கரை பக்கத்தில்தானே என்று வெள்ளவத்தைக் கடல் தண்ணீரைக் கேனில் அள்ளி வந்தவர் ஒருவர் இருக்கிறார். கால்வாய் அங்கேதான் கடலில் விழுகிறது. மூன்று மாதம் பாசி வழித்தார்.

## ஸ்கிம்மர் கட்டுப்பாடில்லாமல் வழிகிறது

புதிது என்றால் இரண்டு வாரம் காத்திருங்கள். கை கிறீம், புதுச் சிலிக்கன், மருந்து எல்லாம் இதைச் செய்யும். சம்ப்பில் மட்டம் ஏறினாலும் வழியும், மேலே போட்ட மார்க்கர் கோட்டைப் பாருங்கள்.

## சூடு இறங்கவே இல்லை

26 பாகை இலக்கு, 27 வரை பரவாயில்லை. கொழும்பில் ஹீற்றர் வாங்கிய காசு வீண். ஃபேன் இரண்டு மூன்று பாகை இறக்கும், மழைக்காலப் புழுக்கத்தில் அதுவும் இறக்காது. மார்ச், ஏப்ரலில் சில்லர் இல்லாமல் பெரிய தொட்டி ஓட்டுவது சூதாட்டம்.

சில்லர் ஓடியும் இறங்காவிட்டால்: அது அலுமாரிக்குள் அடைத்து வைத்திருக்கிறதா? தான் விட்ட சூட்டையே தான் இழுக்கும், வெளியே எடுங்கள். பின்பக்க வலையில் தூசியா? வாக்குவம் கிளீனரின் தூரிகையால் எடுங்கள். தண்ணீர் ஓட்டம் குறைவா? பம்ப்பின் பஞ்சைக் கழுவுங்கள். இவை மூன்றும் சரியாக இருந்து, வெளியேறும் காற்று சூடாக வராவிட்டால் வாயு குறைந்திருக்கலாம், ஏசி திருத்துபவர் வேண்டும். கடலோர வீடுகளில் உப்புக் காற்று சில்லரின் உலோகச் செதில்களை அரித்துவிடும், வெள்ளவத்தையில் அதை நான் கண்ணால் பார்த்தவன்.

## தொட்டி சரிந்திருக்கிறது, டைல் வெடிக்கிறது

தண்ணீர் மட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று அளவுகோலால் பாருங்கள். சில மில்லிமீற்றர் வித்தியாசம் தரையின் இயல்பு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாரத்துக்கு வாரம் அது கூடினால், அல்லது ஸ்டாண்டின் காலருகே டைலில் புதுக் கோடு விழுந்தால் அது வேறு விஷயம். தண்ணீரும் கண்ணாடியும் கல்லும் சம்ப்பும் சேர்ந்து 700 கிலோ அளவில், ஒரு கட்டிலை விடச் சிறிய இடத்தில் நிற்கின்றன. காலுக்கடியில் தக்கை வைத்து மட்டம் பார்க்கும் வேலை வேண்டாம். பாதித் தண்ணீரைப் பீப்பாக்களில் இறக்கி, மீனை அதிலேயே காற்றுப் பம்ப்போடு விட்டு, கட்டட எஞ்சினியர் ஒருவர் வந்து பார்க்கும்வரை மறுபடி நிரப்ப வேண்டாம்.